அமுக்குவான் பேயை நான் கண்டிருக்கிறேன்

பேய், ஆவி போன்றவற்றை நம்புகிறீர்களா, விளக்கம் சொல்ல முடியாத அனுபவம் ஏதேனும் உங்களுக்கு நேர்ந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு விடை சொன்ன பிறகுதான் முதல் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டுத் தேர்வை முடித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் உள்ள ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். தேர்வுக்காக விடிய விடியக் கண்விழித்ததில் தூக்கம் முறைதவறிக் கிடந்தது. பட்டாசலில் பாயை விரித்து மல்லாந்து படுத்தவன், விடிவதற்குச் சற்று முன்பு விழித்தேன். மின்விசிறியின் கடகடப்பு கேட்டது; தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் செம்பு தெரிந்தது; பக்கத்து அறையில் ஆச்சி விடும் குறட்டை கூடக் கேட்டது. ஆனால் கையையோ காலையோ அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் நெல் மூட்டையை ஏற்றியது போன்ற பாரம். வாசற்கதவின் ஓரத்தில் ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முகம் இல்லை. ஆயினும் அது என்னைத்தான் பார்க்கிறது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. ஆச்சியைக் கூப்பிட முயன்றேன், குரல் எழும்பவில்லை. எப்படியோ காலின் கட்டைவிரல் அசைந்தது. அந்தக் கணமே எல்லாம் விட்டுப் போயிற்று. கட்டியிருந்த சாரம் வியர்வையில் நனைந்திருந்தது.

காலையில் ஆச்சியிடம் சொன்னேன். அவள் வியப்படையவே இல்லை. "அமுக்குவான் அமுக்கியிருக்கான். மல்லாக்கப் படுக்காதன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், ஒருக்களிச்சுப் படுல" என்று நெற்றியில் திருநீறு பூசி, அன்றிரவு தலையணைக்கடியில் பாக்குவெட்டியை வைத்தாள்.

இதற்குத் தூக்க மருத்துவத்தில் உறக்க முடக்கம் என்று பெயர். நாம் கனவு காணும் உறக்கக் கட்டத்தில் கண்கள் இமைக்குள் வேகமாக அசையும். இதை 1953 ஆம் ஆண்டு சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் விவரித்தார்கள். கனவில் ஓடுகிறவன் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி, அந்தக் கட்டத்தில் மூளைத்தண்டு உடலின் தசைகளுக்குச் செல்லும் ஆணைகளைத் தடுத்து வைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானமும் மட்டும் இதற்கு விலக்கு. சில வேளைகளில் அறிவு விழித்துக்கொண்ட பிறகும் இந்தத் தடை விலகாமலும் கனவு கலையாமலும் இருந்துவிடுகின்றன. அப்போது நம் விருப்பப்படி நெஞ்சை விரித்து ஆழமாக மூச்சிழுக்க முயன்றால் விலாத் தசைகள் இசைவதில்லை. அந்தத் தோல்வியையே நாம் பாரமாக உணர்கிறோம். தூக்கம் கெட்டிருந்தாலும் மல்லாந்து படுத்தாலும் இது கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. காரணம் எதுவென்று ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் அவள் சொன்ன வைத்தியத்தில் பாதி சரி. அது எத்தனை தலைமுறை உற்றுக் கவனித்ததில் வந்த அறிவு என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மதிப்பு கூடுகிறது.

இது நம் ஊர்ப் பேய் மட்டுமல்ல. ஜப்பானியர் இதைக் கனாசிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழச் சூனியக்காரி நெஞ்சில் ஏறி உட்காருகிறாள். பிரேசிலில் கூரையிலிருந்து இறங்கி நெஞ்சை மிதிக்கும் கிழவிக்குப் பிசடெய்ரா என்று பெயர். கெட்ட கனவைக் குறிக்கும் நைட்மேர் என்ற ஆங்கிலச் சொல்லின் பிற்பாதி கூடக் குதிரையைச் சுட்டுவதன்று. உறங்குகிறவரை அமுக்கும் ஆவிக்கு வழங்கிய பழஞ்சொல் அது. உருவம் ஊருக்கு ஊர் மாறுகிறது, ஆனால் பாரமும் அசைவின்மையும் அருகில் ஒருவர் நிற்கிறார் என்ற உறுதியும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. என் கருத்தை மாற்றியது முதலில் இந்த ஒற்றுமைதான்.

அந்த 'ஒருவர்' எங்கிருந்து வருகிறார் என்பதற்கு 2006 ஆம் ஆண்டு வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு என்னை உலுக்கியது. வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் சோதனைக்கு உட்பட்டிருந்த 22 வயதுப் பெண்ணின் மூளையில், இடப்பக்கம் காதுக்கு மேற்புறமாக உள்ள ஒரு பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டினார்கள். உடனே தன் பின்னால் யாரோ இருப்பதாக அவர் சொன்னார். அவர் படுத்திருந்தால் அந்த நிழலும் படுத்திருந்தது. அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அது அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டது. மூளை தன் உடல் எங்கே இருக்கிறது என்று போடும் கணக்கு பிசகும்போது, தன்னையே வேற்றாளாக உணர்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். என் வாசற்கதவோரம் நின்றதும் அவ்வாறு வந்ததாகவே இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் என் சித்தி மகள். பதினாறு வயதில் அவளுக்கு இந்த அமுக்கம் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்தது. வகுப்பில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கித் தரையில் சரிந்துவிடுவாள்; நினைவு மட்டும் தப்பாது. சிரித்தால் விழுகிற பெண்ணை ஊர் என்ன சொல்லும்? காற்றுக் கருப்பு என்றார்கள். ஒரு கோடாங்கியிடம் ஏழெட்டு மாதங்கள் கூட்டிப் போனார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே வேப்பிலையால் அடி வாங்கிய கைகளை அவள் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு திரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். படித்த உறவினர் சிலரோ அவள் நடிக்கிறாள் என்றார்கள். எனக்கு அடியைவிட அந்தச் சொல்தான் கொடியதாகப் பட்டது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் இரவுத் தூக்கப் பரிசோதனையும் பகல் பரிசோதனையும் செய்து, அது நார்கோலெப்சி என்னும் தூக்க நோய் என்று கண்டறிந்தார். முற்றிலும் குணமாகாது என்றாலும் மாத்திரையால் அடக்கி வைக்க முடிகிறது. அவள் இப்போது பள்ளி ஆசிரியை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: பேயை நான் நம்பவில்லை, பேயைக் கண்டேன் என்கிறவரை நம்புகிறேன். அவர் கண்டது பொய்யன்று. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எப்படிப் படுத்திருந்தபோது என்று அவரிடம் கேளுங்கள். எப்போதாவது ஒரு முறை வந்து போனால் அஞ்ச வேண்டியதில்லை; அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத உறக்கமோ சிரிக்கும்போது தளர்ச்சியோ சேர்ந்திருந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எனக்கு இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அது வருகிறது. இத்தனையும் படித்த பிறகும் கதவோரத்தில் நிற்கும் அந்த உருவத்தைக் கண்டு நடுங்கத்தான் செய்கிறேன். மூச்சைப் பிடித்து இழுக்காமல், கால் கட்டைவிரலை மட்டும் நினைத்தபடி காத்திருப்பேன்.