பால்மரக் (ரப்பர் மரக்) கட்டைய எரிக்கிறது சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கீங்க, மரம்தான் திரும்ப வளருதே, அப்போ கட்டை எரிச்சா கெடுதல் இல்லதானேன்னு. பாதிதான் சரி. ஒரே அளவு சூட்டுக்கு இயற்கை எரிவாயு விடுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 2 மடங்கு விறகு விடும், அது உடனே மேல போயிடும், ஆனா புதுக் கன்னு அத திரும்ப உறிஞ்ச வருஷக்கணக்கா ஆகும். 25, 30 வருஷத்துல பால் வத்தி எப்படியும் வெட்டுற மரம்னா, அங்கயே மறுநடவு செஞ்சா கணக்கு ஓரளவு சரியாகும், காட்ட அழிச்சு எரிச்சா பெரிய நஷ்டம். எனக்கு அதவிட கவலை புகைதான், ஈரக்கட்டை சரியா எரியாம பிஎம் 2.5ங்கிற, நுரையீரல் வரைக்கும் போற ரொம்ப நுண்ணிய தூசியும் கார்பன் மோனாக்சைடும் கக்கும், லயத்து வீட்ல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்ல) அடுப்புக்கிட்ட நிக்கிற அம்மாமாரு நெஞ்சுக்குள்ளதான் அது போகுது. நல்லா காயவச்சு எரிங்க, ஜன்னல திறந்து வைங்க.