கலையரங்குகள் ஒரு நகரத்தின் சுற்றுலா வருவாயைப் பெருக்குவது எப்படி?

நுழைவுச்சீட்டு வசூலை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அரங்குக்கு வெளியே செலவாகும் பணத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்வோம். 1927இல் அங்கே காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் கர்நாடக இசைக் கச்சேரிகளை நடத்தும் மியூசிக் அகாடமி என்ற சபா தோன்றியது. இன்று மார்கழிக் கச்சேரிகளுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் ரசிகர், வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, பகலில் ஒரு சபா, மாலையில் வேறொரு சபா என ஆட்டோவில் அலைந்து, நடுவே கேன்டீனில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்து (அதற்காகவே சபாவுக்கு வருவோரும் உண்டு), ஊர் திரும்புமுன் பட்டுப்புடவையும் வாங்கிக்கொள்கிறார். 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை இடம்பெற்றது. என் பார்வையில், கட்டடத்தைவிட ஆண்டுதோறும் தவறாமல் வரும் அந்த விழாக்காலமே முக்கியம். தேதி முன்கூட்டியே தெரிவதால்தான் பயணிகள் விமானச்சீட்டைப் பல மாதங்களுக்கு முன்பே எடுக்க முடிகிறது.