ஒரு கோல் ஒரு முறை, இன்னொரு கோல் நான்கு முறை

கேள்வி: கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதியாட்டத்தை உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் பிள்ளைகள் அடித்த கோலை ஒரே ஒரு முறை திரும்பக் காட்டியவர்கள், நாகர்கோவில் அணியின் கோலை நான்கு முறை காட்டினார்கள். வர்ணனையும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. கல்லூரி ஆட்டங்களுக்குக் கோடிகளைக் கொட்டும் அமெரிக்காவிலும் இந்த ஓரவஞ்சனை உண்டா?
– வாசகர் ஒருவர், தூத்தூர்

பதில்: அந்தக் குற்றச்சாட்டு அங்கே ஓயாமல் எழுகிறது, அதில் பாதி திரையில் இருக்கிறது, பாதி பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகள் மோதிய அமெரிக்க வகைக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது) ஆட்டத்தில் ஒருவருக்கு மூக்கும் இன்னொருவருக்குக் காலும் உடைந்தன. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்தவை சராசரியாக 9.8 என்று பிரின்ஸ்டன் மாணவர்களும், 4.3 என்று டார்ட்மவுத் மாணவர்களும் கணக்குக் கொடுத்தார்கள். படம் ஒன்றுதான், வர்ணனையாளர் சதி செய்தார் என்று சொல்லவும் வழியில்லை.

அதற்காகத் தொலைக்காட்சியை உத்தமர் என்றும் சொல்லிவிட முடியாது. எந்த ஆட்டத்தைக் காட்டலாம் என்பதில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு இருந்த பிடியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் தளர்த்திய பிறகு, உரிமையை விற்பது கல்லூரிகள், அவற்றின் கூட்டமைப்புகள் கைக்குப் போனது. 2011-இல் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம், டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றுக்காகவே 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தனி அலைவரிசை தொடங்கியது. 2023-இல் அதுவரை ஆடிய 13 ஆட்டங்களையும் வென்ற புளோரிடா ஸ்டேட் அணியை விட்டுவிட்டு, ஓர் ஆட்டத்தில் தோற்ற அலபாமாவைத் தேர்வுக் குழு இறுதிச் சுற்றின் நான்கு இடங்களில் ஒன்றுக்கு எடுத்தபோது, அலபாமா சார்ந்த கூட்டமைப்போடு ஒளிபரப்பு ஒப்பந்தம் வைத்திருந்த இஎஸ்பிஎன் மேலும் பழி விழுந்தது. ஆனால் புளோரிடா ஸ்டேட் சார்ந்த கூட்டமைப்பின் ஒளிபரப்பு உரிமையும் அதே நிறுவனத்திடம்தான் இருந்தது என்பதால், கணக்கு நாம் நினைப்பதுபோல நேர்கோட்டில் போவதில்லை.

இனி உங்கள் நான்கு முறைக்கு வருவோம். பந்து நின்றிருக்கும் நேரத்தில்தான் பழைய காட்சியை ஓட்ட முடியும். கோல் விழுந்த கையோடு எதிரணி நடுவட்டத்தில் பந்தை வைத்துத் தொடங்கிவிட்டால் ஒரு முறைக்கே நேரம் தட்டும், யாராவது அடிபட்டுக் கிடந்தால் நான்கு முறையும் ஓட்டலாம். வர்ணனையாளர் கையில் ஓர் அணியின் பெயர்ப்பட்டியல் மட்டும் இருந்தால், அவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார், உங்கள் பிள்ளைகளைப் ‘பத்தாம் நம்பர் ஆட்டக்காரர்’ என்பார். கேட்பவருக்கு அது சாய்வாகத்தான் தோன்றும். உங்கள் அணி மேலாளர் பட்டியல் கொடுத்தாரா என்று முதலில் விசாரியுங்கள். மாறாக, அந்த ஒளிபரப்புக்கு விளம்பரம் கொடுத்ததே எதிரணிக் கல்லூரி என்றால், உங்கள் சந்தேகத்துக்கு நானும் கைகொடுப்பேன்.

பதிவு கிடைத்தால், இரு கல்லூரியிலும் பிள்ளைகள் படிக்காத வீட்டார் ஒருவரிடம் கொடுத்து, ஒலியை அணைத்துவிட்டு எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம். அண்ணன் மகன் ஆடிய ஆட்டத்தில் நடுவர் தராத பெனால்டி மூன்று என்று எண்ணி, வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்தபோது ஒன்றைக்கூடக் காட்ட முடியாமல் விழித்தவன் நான்.