மெகாட்ரானின் பீரங்கி வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள்

‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதைகளில் வரும், உருமாறும் ராட்சத ரோபோக்களின் ஆற்றல் ஆயுதங்களைப் பொம்மையாக வாங்கியவர்களும், வாங்க நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். எல்லாமே நம் வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக் கடிதங்கள்.

கேள்வி: கெங்கையம்மன் திருவிழாவில் என் 6 வயது மகன் அடம்பிடித்து ஒரு பொம்மை வாங்கிக்கொண்டான். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையில் வரும் வில்லன் ரோபோ மெகாட்ரானின் ‘ஃப்யூஷன் கேனான்’ என்றார் கடைக்காரர். கையில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால் ஊதா வெளிச்சமும் சத்தமும் வரும். விலை 350 ரூபாய், பில் தரவில்லை. மறுநாளே கீழே விழுந்து பின்மூடி கழன்றுவிட்டது. உள்ளே இருந்த மூன்று பட்டன் பேட்டரிகளில் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. டேப் போட்டு ஒட்டிக் கொடுக்கலாமா? அந்தக் கடைக்காரரை இனி எங்கே தேடுவது?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: டேப் ஒட்டிக் கொடுக்கவே கூடாது, அம்மா. மூன்று பேட்டரிகளையும் இன்றே எடுத்து, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பணம், பில் பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம்.

பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், அது உடைந்து உள்ளிருக்கும் மருந்து கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையவே வேண்டாம். உணவுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்திலேயே காரம் (ஆல்கலி) உண்டாகி சதையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்பட்டுவிடும். காசு அளவுக்கு அகலமாக இருக்கும் லித்தியம் வகை தொண்டைக்குக் கீழே சிக்கிக்கொள்வதால் இன்னும் மோசம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அரிப்புதான். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் என்று அறிகுறி வரலாம். ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். என்றைக்காவது ஒரு பேட்டரி காணாமல் போய், குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், தேடிக்கொண்டு உட்காராதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள பக்கத்து மருத்துவமனைக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

அதனால்தான் நான் பொம்மையை வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்க்கச் சொல்வது பேட்டரி மூடியை. ஸ்க்ரூ இருக்க வேண்டும். நகத்தால் நெம்பித் திறக்கிற மூடி என்றால், அதில் எத்தனை கலர் லைட் எரிந்தாலும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்.

அடுத்தது ஐஎஸ்ஐ முத்திரை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மைகளுக்கு, 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். இறக்குமதிப் பொம்மைக்கும் சேர்த்துத்தான். முத்திரையின் மேலே தர எண் இருக்கும்: பேட்டரி இல்லாத பொம்மை என்றால் ஐஎஸ் 9873, பேட்டரியிலோ மின்சாரத்திலோ இயங்குவது என்றால் ஐஎஸ் 15644. கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்பதால் இந்த ஒரு நிமிடச் சோதனையை விடாதீர்கள். கூர்முனை, எளிதில் தீப்பிடிக்கும் தன்மை, பெயின்டில் ஈயம் என்று ஒரு தாய் கண்ணால் கண்டுபிடிக்க முடியாத பலவற்றை அந்தத் தரங்களின்படிதான் சோதிக்கிறார்கள்.

கடைக்காரர் விஷயம். பில் தராததும், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி வாங்க மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். ஆனால் திருவிழாக் கடை மறுநாள் அங்கே இல்லை. அந்த 350 ரூபாய் திரும்பி வரும் என்று உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பொம்மையையும் அட்டை இருந்தால் அதையும் படம் எடுத்து, பிஐஎஸ் கேர் செயலியிலேயே புகார் போடுங்கள். முத்திரை இல்லாத பொம்மையை விற்பது முதல் முறைக்கே குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ விதிக்கக்கூடிய குற்றம். இதே சரக்கு அடுத்த திருவிழாவுக்கும் வரும், வேறொரு பிள்ளையின் கைக்கும் போகும். அதைத் தடுக்க உங்கள் புகார் உதவும்.

மகனுக்கு வேறு வாங்கித் தர நினைத்தால் பேட்டரியே இல்லாத, கையில் மாட்டுகிற வகையைப் பாருங்கள். கதையில் மெகாட்ரான் அந்தப் பீரங்கியை வலது கையில் பொருத்தியிருப்பான். பிள்ளைக்கு வேண்டியதும் அந்தத் தோரணைதான். ‘டிஷ்யூம்’ சத்தத்தை 6 வயதுப் பையன் வாயாலேயே போட்டுக்கொள்வான்.

கேள்வி: நான் 31 வயதுச் சேகரிப்பாளர். ஆன்லைனில் ‘ஒரிஜினல் மாஸ்டர்பீஸ் மெகாட்ரான்’ என்று போட்டிருந்ததை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது ஃபர்ஸ்ட் காப்பி. பீரங்கி கையில் பொருந்தவே இல்லை, மூட்டுகள் தொளதொள என்று ஆடுகின்றன. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. ‘பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது, பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் இல்லை’ என்கிறார்கள்.
— சத்துவாச்சாரி வாசகர்

பதில்: பிரித்துப் பார்க்காமல் பீரங்கி பொருந்துமா பொருந்தாதா என்று எப்படித் தெரியும்? அவர்கள் சொல்வது நிற்காது. போலியான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திருப்பி எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. வீடியோ இருந்தால் நல்லது. இல்லை என்பதாலேயே உரிமை போய்விடாது.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை மட்டும் ஆதாரமாக வைத்து வாதாட வேண்டாம். மாஸ்டர்பீஸ் வரிசை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. கட்டாய முத்திரை குழந்தைகளின் பொம்மைக்குத்தான். வேறு இடத்தில் பாருங்கள். அசல் பொம்மையின் உடலிலேயே அதைத் தயாரிக்கும் டகாரா டோமி, ஹாஸ்ப்ரோ நிறுவனங்களின் காப்புரிமை வாசகம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். காப்பியில் அது மழிக்கப்பட்டிருக்கும், அல்லது எழுத்து மாறியிருக்கும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான நாடு, வரிகள் உட்பட எம்ஆர்பி, நுகர்வோர் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எது இல்லையோ அதைப் படம் எடுங்கள். பீரங்கி கையில் உட்காராமல் நிற்பதை இப்போதாவது ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள்.

அதைவிட அவசரம், விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. ‘ஒரிஜினல்’ என்ற சொல் நாளைக்கே அங்கிருந்து காணாமல் போகலாம். உங்கள் வழக்கின் உயிரே அந்தச் சொல்தான்.

பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அப்படியும் நகரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 6,800 ரூபாய் சின்னத் தொகை என்று விட்டுவிடாதீர்கள். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் சித்தப்பா அடுத்த மாதம் வருகிறார். துப்பாக்கியாக மாறுகிற பழைய மாதிரி மெகாட்ரான் பொம்மை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் பிரச்சினை வருமா?
— ஆம்பூர் வாசகர்

பதில்: கைப்பையில் வைத்தால் கண்டிப்பாக வரும். துப்பாக்கி மாதிரி தோன்றும் பொம்மைக்குக் கைப்பையில் அனுமதி இல்லை. இந்தப் பொம்மையோ தோற்றத்தில் அப்படியே வால்தர் பி38 கைத்துப்பாக்கி. 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டி விற்கப்படுவதற்கு முன்பே ஜப்பானின் டகாரா நிறுவனம் அதைத் துப்பாக்கி ரோபோவாகவே செய்திருந்தது. துப்பாக்கியின் மேலே இருக்கும் தொலைநோக்கிதான் ரோபோவாக மாறும்போது கையில் ஏறிப் பீரங்கியாகிறது. கதையின் புகழ்பெற்ற ஆயுதம் பிறந்தது இப்படித்தான்.

எனவே கம்பெனிப் பெட்டியோடு, ரோபோ வடிவத்திலேயே வைத்து, லக்கேஜில் போடச் சொல்லுங்கள். பில் மேலாகவே இருக்கட்டும். முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. இத்தனை தொந்தரவு வேண்டாம் என்றால் டாங்கியாக மாறும் மெகாட்ரானும் இருக்கிறது. பீரங்கியும் உண்டு, யாரும் பயப்பட மாட்டார்கள்.

கேள்வி: கல்லூரி விழாவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நாயகன் ஆப்டிமஸ் பிரைம் வேடம் போடப் போகிறேன். ‘நிஜ லேசர் எனர்ஜான் கோடரி, பலூனை வெடிக்க வைக்கும்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். 2,400 ரூபாய். வாங்கலாமா?
— மாணவர், காட்பாடி

பதில்: வேண்டாம் தம்பி. பலூனை வெடிக்க வைக்கிற லேசர் கண்ணின் விழித்திரையையும் சுடும். நேராகப் பட வேண்டும் என்றில்லை. கண்ணாடியிலோ வாட்ச்சிலோ பட்டுத் திரும்பினாலும் போதும். விழித்திரையில் விழுந்த ஓட்டை ஆறி பழையபடி ஆகாது. கூட்டம் நிறைந்த அரங்கில் அதை வீசுவதை நினைக்கவே பயமாக இருக்கிறது. விளம்பரம் பொய்யாக இருந்தால் உங்கள் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் யாரோ ஒருவரின் கண் போச்சு. இரண்டு வகையிலும் அது புகார் செய்ய வேண்டிய விளம்பரம். 1915-இலேயே சொல்லலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

எனர்ஜான் என்பது கதையில் அந்த ரோபோக்களின் ஆற்றல். 1984 கார்ட்டூனில் அணைக்கட்டின் மேல் நடக்கும் சண்டையில் ஆப்டிமஸின் கை உள்ளே போய் ஆரஞ்சு நிறக் கோடரி வெளியே வரும்; எதிரே மெகாட்ரான் கையில் ஊதா நிறக் குண்டாயுதம். அந்த ஆரஞ்சு ஒளிர்வுக்கு லேசரே தேவையில்லை. ஆரஞ்சு அக்ரிலிக் தகட்டைக் கோடரி வடிவில் வெட்டி, ஓரத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினால் தகடு ஒளிரும். சைன்போர்டு செய்கிற கடைகளில் தகடும் கிடைக்கும், வெட்டியும் தருவார்கள். ஓரங்களை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பேட்டரிப் பெட்டியை முழங்கைக்கு மேலே கட்டிக்கொண்டால் கோடரி கனக்காது.