வேலி போன இடத்தில் என்ன நடலாம்?

கேள்வி: கோப்பாயில் பிரதான வீதியோரம் எங்கள் வீடு. வீதி அகலித்தபோது முன்வேலியும் அதில் நின்ற பழைய பூவரசுகளும் இரண்டு வேம்பும் போய்விட்டன. இப்போது விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடிப்பதைக்கூட பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போகிறார்கள். முன்பக்கம் எண்பது அடி நீளம். மதில் கட்டக் கையில் காசில்லை. கன்று விற்கிற இடத்தில், "நெட்டிலிங்கம்தான் கெதியாக மறைக்கும், ஆறடிக் கன்றே இருக்கிறது" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நான்கைந்து வாங்குங்கள். எண்பது அடிக்கும் அதையே வாங்காதீர்கள்.

காசை எடுக்க முன்னர், நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்து வீதியைப் பாருங்கள். நடந்து போகிறவரின் கண் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, பஸ்ஸில் இருப்பவரின் கண் ஏழெட்டு அடியில். ஆகவே உங்களுக்கு வேண்டியது முழங்கால் உயரத்திலிருந்து எட்டடி வரை நெருக்கமான இலை. முப்பதடி உயர மரம் இதற்கு உதவாது. வயது போகப்போக அதன் அடிப்பக்கம் வெறுமையாகிவிடும். வீதியில் போகிறவருக்கு நீங்களும் அவருக்கு மேலே மரமும் தெரியும், அவ்வளவுதான்.

நெட்டிலிங்கம் நல்ல மரம். ஆனால் ஒல்லியாக வளர்வதால் மூன்று நான்கு அடிக்கு ஒன்று வைத்தால்தான் மறைப்பு வரும். எண்பது அடிக்கு இருபதுக்கு மேல் கன்று, ஒவ்வொன்றுக்கும் முதல் இரண்டு கோடையும் தண்ணீர். காய்க்கத் தொடங்கினால் வௌவால் வரும், கீழே நிற்கும் வாகனத்தின் கதியை நான் சொல்லத் தேவையில்லை. கோப்பாய்ச் செம்மண் ஆழமாக உள்ள இடத்தில் அது தாக்குப்பிடிக்கும். இரண்டடியில் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் வளவு என்றால் சோளகக் காற்றில் சாயத் தொடங்கும். வாங்க முன்னர் அலவாங்கால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

நீங்கள் இழந்த வேலியையே ஒருதரம் நினைத்துப் பாருங்கள். நம்முடைய ஆட்கள் கதியால் போட்டு அதன்மேல் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டியது சும்மா இல்லை. கிளுவையும் கிளிசரிடியாவும் எளிதில் வேர் பிடிக்கும், வரட்சி தாங்கும், ஆனால் கோடையில் இலையை உதிர்த்துவிடும். மறைப்பைக் கொடுத்தது ஓலை. கதியால் அந்த ஓலையைத் தாங்கிய உயிருள்ள தூண். இன்றைக்கும் எனக்குத் தெரிந்து மலிவான வழி இதுதான்: இரண்டு மூன்று அடிக்கு ஒரு கதியால், அதில் முதல் மூன்று வருடங்களுக்கு ஓலை அடைப்பு, அந்த ஓலைக்கு உட்பக்கமாக நிரந்தரப் பச்சை வரிசை. செடி வளரும்வரை ஓலை உங்களையும் மறைக்கும், கன்றுகளைக் கட்டாக்காலி மாடுகளிடமிருந்தும் காக்கும்.

கதியாலுக்குப் பூவரசு முதல் தெரிவு. வெட்ட வெட்டத் துளிர்க்கும், உவர் தாங்கும், குழை தோட்டத்துக்கும் ஆட்டுக்கும் ஆகும். அயலில் யாராவது வேலி வெட்டும்போது கேட்டால் காசில்லாமலே கிடைக்கும். கைமொத்தத்தில் ஐந்தாறு அடி நீளமாக வெட்டி, ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். முள்முருக்கும் நன்றாக வரும், கலியாண வீட்டுக்குக் கன்னிக்கால் தேடுகிறவர்கள் உங்கள் படலைக்கு வருவார்கள். ஆனால் அதன் தளிரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் ஒரு நுண்குளவி ஆசியா முழுவதும் பரவியிருப்பதால், வரிசை முழுவதையும் அதில் விடவேண்டாம். ஒரே இனத்தில் எண்பது அடி நட்டால் ஒரே நோயில் எண்பது அடியும் போகும்.

உள்வரிசைக்கு என் முதல் சிபாரிசு மருதோண்டி. அதை அடுத்து நொச்சி, ஆடாதோடை, செவ்வரத்தை. மருதோண்டி வரட்சியில் சளைக்காது, கத்தரிக்கக் கத்தரிக்க அடர்த்தியாகும். நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடு கடிக்காது, இரண்டையும் தடி வெட்டியே நடலாம். செவ்வரத்தை பூவுக்கு அழகு, ஆனால் வெள்ளைப் பஞ்சுப்பூச்சி அடிக்கடி வரும், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அலரியும் நன்றாக மறைக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரி விதையால் யாழ்ப்பாணம் கண்ட துயரம் ஊரறிந்தது. சின்னப்பிள்ளைகளும் ஆடுகளும் உள்ள வீட்டில் வேண்டாம்.

இக்சோராவைக் காட்டி ஆசைப்படுத்துவார்கள். நம் சுண்ணாம்பு மண்ணிலும் வன்தண்ணீரிலும் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். யூரியா போடச் சொல்வார்கள், வாங்காதீர்கள். பெரும்பாலும் குறை இரும்புச்சத்தில், யூரியா அதைத் தீர்க்காது.

போன வேம்புகளுக்கு ஈடாக நிழல் மரம் வேண்டுமென்றால் மகிழமரம் ஒன்று, புங்கை ஒன்று. மகிழமரம் மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுக்க இலை நிற்கும். இரண்டையும் மின்கம்பிக்கு நேர்கீழே வைக்காதீர்கள். பிறகு கம்பிக்காக மரத்தின் தலையை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். கொனோகார்பஸ் என்று ஒன்றை யாராவது தந்தால் திருப்பிக் கொடுங்கள். வேகமாக வளரும், பச்சைச் சுவர்போல நிற்கும், அதன் வேர் குழாயையும் வடிகாலையும் தேடிப் போகும். குஜராத் அரசு 2023இல் அதை நடுவதற்கே தடை போட்டது. வளவுக்கு வளவு கிணறு உள்ள ஊருக்கு அது ஆகாது.

எதை நட்டாலும் உங்கள் எல்லைக்கு உள்ளேயே, ஓரிரு அடி தள்ளி நடுங்கள். வெளியே உள்ள கரை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியது, கேட்காமல் வைத்ததைப் பிடுங்க அவர்களுக்கு உரிமை உண்டு. படலைக்கு இரு பக்கமும் பத்தடிக்கு இடுப்பளவு உயரமே போதும். மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போது வீதி தெரியவேண்டுமே.

அப்புறம் அந்த ஆறடிக் கன்று. இரண்டடிக் கன்றின் விலையையும் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் பல மடங்கு இருக்கும். சின்னப் பையில் ஆறடி வளர்ந்த கன்றின் வேர் உள்ளே சுற்றிச் சுற்றி வளையமாகியிருக்கும், நட்டபிறகும் அது சுற்றிக்கொண்டேயிருக்கும். நேரத்தோடு நட்ட சின்னக் கன்று சில வருடங்களில் அதை எட்டிப் பிடித்துவிடும். பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் துவாரத்தால் வெளியே வந்து நிலத்தில் ஊன்றியிருந்தால், இழுத்து எடுக்கும்போதே அது அறுந்துவிடும். உயரத்தைவிடத் தண்டின் மொத்தத்தைப் பார்த்து வாங்குங்கள். மிச்சமாகும் காசில் ஓலை வாங்கலாம்.

நடுகிற காலம் ஐப்பசி, கார்த்திகை. வாடைமழை உங்களுக்காகத் தண்ணீர் விடும். தை பிறந்தபின் மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

கேள்வி: கார்த்திகையில் லொறியில் கொண்டுவந்தவரிடம் முப்பது கன்று வாங்கினோம். சித்திரைக்குள் பாதி பட்டுவிட்டது. "அசோகு" என்றுதான் தந்தார், இப்போது பார்த்தவர்கள் அது நெட்டிலிங்கம் என்கிறார்கள். முறைப்பாடு செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் பிந்திவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கார்த்திகையில் வாங்கிய கன்றின் குறை பங்குனி வெயிலில்தான் வெளிக்கும், அதற்குள் அந்தத் தவணை முடிந்துவிடும். கன்று வாங்குகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் உள்ள பெரிய இடைஞ்சல் இதுதான். நெட்டிலிங்கத்தை அசோகு என்று விற்பது நெடுநாள் வழக்கம், அதை ஏமாற்று என்று நிறுவுவதும் கஷ்டம். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பாருங்கள்.

அடுத்தமுறை பற்றுச்சீட்டில் மரத்தின் பெயர், எண்ணிக்கை, திகதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். பட்டால் மாற்றித் தருவதாக வாயால் சொன்னால், எத்தனை மாதத்துக்குள் என்று அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பத்துக் கன்று மட்டும் வாங்குங்கள். ஊரில் நிலையான இடம் உள்ளவரிடம் வாங்கினால் திரும்பிப் போய்க் கேட்கவாவது ஒரு கதவு இருக்கும்.

கேள்வி: வீதியோரமாகப் புது வரிசை வைக்க நடுவில் நிற்கும் ஒரு பெண் பனை இடைஞ்சல். நாங்களே தறிக்கலாமா?

பதில்: முடியாது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அது, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பனையை விட்டுவிட்டு வரிசையை அதன் இரு பக்கமும் பிரித்து வையுங்கள். விழும் பனங்கொட்டைகளை எல்லையோரம் வரிசையாகப் புதைத்தால் வடலி வரும். மெதுவாகத்தான் வரும், ஆனால் பல வருடங்களுக்கு ஓலை கண் உயரத்திலேயே நிற்கும், மாடும் வாய் வைக்காது.