“சைக்கிள்ல இருந்துதானே விழுந்தான்?”

சைக்கிள் விபத்து பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு எலும்பு மருத்துவர், தலைக்காய மருத்துவர், சைக்கிள் பழுது பார்ப்பவர் ஆகிய மூவரிடம் பேசித் தொகுத்த பதில்கள் இவை. வந்த கடிதங்கள் பலவற்றில் மேலே உள்ள தலைப்பு வாக்கியம்தான் ஏதோ ஒரு வடிவில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

12 வயது மகன் விழுந்ததில் பின்மண்டை தார் ரோட்டில் பட்டுவிட்டது. மயக்கம் இல்லை. ஒரு தடவை வாந்தி எடுத்தான். தூங்கவே விடக் கூடாது என்கிறார் மாமியார். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

தூங்கட்டும். விடிய விடிய உலுக்கி உட்கார வைத்தால், விடிந்ததும் அவன் துவண்டு கிடப்பது அடியினாலா, தூக்கம் கெட்டதாலா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுப்பிப் பாருங்கள். கண்ணைத் திறந்து, உங்களை அடையாளம் கண்டு, “விடும்மா” என்று சிணுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தால் போதும்.

அடிபட்டவுடன் ஒரு வாந்தி பிள்ளைகளுக்குச் சகஜம். அதற்காக மட்டும் சிடி ஸ்கேன் தேவைப்படுவதில்லை. ஒரு மருத்துவர் அவனை நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் வாந்தி மூன்று தடவையை எட்டினாலோ, தலைவலி நேரம் ஆக ஆக ஏறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வலிப்பு வந்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

“நல்லாத்தான் பேசிட்டிருந்தான், திடீர்னு சரிஞ்சுட்டான்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில், நெற்றிப் பொட்டில், மண்டையோடு மெலிது. அதன் உள்பக்கமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பில் கீறல் விழுந்து அந்தக் குழாய் அறுந்தால், ரத்தம் தேங்கி மூளையை அமுக்கச் சில மணி நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஆள் தெளிவாகவே இருப்பார். முதல் 24 மணி நேரம் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது இதனால்தான். விழுந்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் என்றால் காத்திருந்து பார்க்கிற பேச்சே இல்லை. நேராக ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. முதல் இரண்டு நாள் ஐபுப்ரோஃபென் வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம், உள்ளே கசிவு இருந்தால் இவை அதை அதிகப்படுத்தும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் மூளை குலுங்கியிருக்கிறது. ஓரிரு நாள் வீட்டில் அமைதியாக இருக்கட்டும். செல்போனையும் டிவியையும் குறையுங்கள். அதற்காக இருட்டறையில் வாரக் கணக்கில் படுக்க வைக்கவும் கூடாது, அது குணமாவதைத் தள்ளிப்போடும். மூன்றாம் நாளிலிருந்து கொஞ்சம் நடை, கொஞ்சம் படிப்பு. பிறகு அரை நாள் பள்ளி, முழு நாள் பள்ளி. தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு நாள் பொறுங்கள். விளையாட்டும் சைக்கிளும் கடைசியில்தான். பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரியாக நான்கு வாரம் வரைகூட ஆகலாம். மீள்வதற்குள் இன்னொரு அடி பட்டால் அது முதல் அடியைவிட மோசமாகப் போகலாம்.

காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோள் வரை ஓடுவது) முறிந்துவிட்டது. மாவுக்கட்டு கூடப் போடாமல், கையைத் தொட்டில் மாதிரி தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள். புத்தூர் கட்டுக்குப் போகலாமா? எப்போது சைக்கிள் ஓட்டலாம்?
– வாசகர் (வயது 34), திருப்பூர்

உங்களை யாரும் கவனிக்காமல் விடவில்லை. காறை எலும்பைச் சுற்றி மாவுக்கட்டு போட வழியே இல்லை. மூச்சு விடும்போதும் தோளை அசைக்கும்போதும் நகரும் எலும்பு அது. பெரும்பாலான முறிவுகள் கைத்தொட்டிலிலேயே கூடிவிடும். முனைகள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குறுகியிருந்தாலோ, எலும்பு தோலைக் குத்திக்கொண்டு கூடாரம் போல நின்றாலோ பிளேட் வைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். கை மரத்துப்போனாலோ, மூச்சுத் திணறினாலோ, தோல் வெளுத்து மினுமினுத்தாலோ உடனே திரும்பிப் போங்கள்.

இறுக்கிக் கட்டி எண்ணெய் போட்டு நீவுவது இந்த எலும்புக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஏற்கெனவே எங்காவது கட்டுப் போட்டிருந்து, விரல்கள் வீங்கி, வெளுத்து, விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலித்தால், கட்டியவரைத் தேடிப் போக வேண்டாம். கத்தரிக்கோலை எடுத்து அங்கேயே வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சதைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய்ச் சில மணி நேரம் கடந்தால் கையே வீணாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது: முதல் நாளிலிருந்தே விரல்களையும் மணிக்கட்டையும் அசையுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை தொட்டிலைக் கழற்றி முழங்கையை முழுக்க நீட்டி மடக்குங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு எலும்பு கூடிய பிறகு முழங்கை விறைத்துக்கொண்டு மாதக் கணக்கில் தொல்லை தரும். முதல் சில ராத்திரிகள் மல்லாந்து படுக்க முடியாது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை கொடுத்தால் தூக்கம் வரும். இரண்டு மூன்று வாரத்தில் மருத்துவர் சரி என்றதும் ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, அடிபட்ட கையைத் தளரத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள், இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம் தூக்குவது, தோளுக்கு மேல் கையை உயர்த்திச் சுமப்பது எதுவும் கூடாது. புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

பெரியவர்களுக்கு எலும்பு கூட 6 முதல் 12 வாரம். எக்ஸ்ரேயில் கூடியது தெரிந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்துச் சட்டென்று பிரேக் போட வலியில்லாமல் முடிந்தால் ரோட்டுக்கு வரலாம். முறிந்த இடத்தில் ஒரு முண்டு தங்கிவிடும். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரே நார்மல், சுளுக்கு என்று களிம்பு கொடுத்தார்கள். பத்து நாளாகியும் கட்டைவிரல் பக்கம் வலி போகவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

கட்டைவிரலை மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவில் சின்னக் குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? அப்படியானால் ‘ஸ்கேபாய்டு’ என்ற முந்திரிப் பருப்பு அளவு எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது வாடிக்கை. 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும், சந்தேகம் தீராவிட்டால் எம்ஆர்ஐ. இந்த எலும்புக்கு ரத்தம் நுனிப் பக்கமிருந்துதான் உள்ளே போகிறது. நடுவில் முறிந்தால் அடித்துண்டு பட்டினி கிடந்து செத்துப்போகலாம், மணிக்கட்டும் தேய்ந்துபோகும். களிம்பை ஓரமாக வைத்துவிட்டு நாளைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை யாரையும் நீவ விடாதீர்கள்.

கேரியரில் உட்கார்ந்து வந்த 5 வயது மகளின் கால் பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, குதிகாலில் சிராய்ப்புதான். பயப்பட வேண்டுமா?
– வாசகர், விழுப்புரம்

ஒரு வாரம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். இந்தக் காயம் முதல் நாள் சாதுவாகத்தான் இருக்கும். கம்பிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசுங்கிய தோல் மூன்று நான்கு நாளில் கறுத்துச் செத்து உரியலாம். சில பிள்ளைகளுக்கு வேறிடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். 48 மணி நேரத்தில் கட்டைப் பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தியே வையுங்கள், ஊன்றி நடக்க விட வேண்டாம். இனி யாருக்காவது கால் மாட்டினால் பின்னால் இழுக்காதீர்கள். சக்கரத்தை நிறுத்தி, கம்பியை வெட்டிவிட்டுக் காலை எடுங்கள். கம்பி போனால் வேறு கம்பி. சிறு பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டியும் கால் வைக்கும் பலகையும் உள்ள தனி இருக்கைதான் சரி. சக்கரத்தின் இருபுறமும் வலை கட்டிவிடுங்கள், சேலைத் தலைப்புக்கும் அதுவே காவல்.

ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது. மகன் ‘ஒன்றுமில்லை’ என்கிறான். வட்டமாக ஒரு கன்றிய தடம் மட்டும் இருக்கிறது.
– வாசகி, வேலூர்

அந்த வட்டத் தடத்தை நம்புங்கள், ‘ஒன்றுமில்லை’யை நம்ப வேண்டாம். வயிற்றில் இடித்த குழாய் முனை குடலையும் கணையத்தையும் முதுகெலும்போடு சேர்த்து நசுக்கியிருக்கலாம். வலியும் வாந்தியும் மறுநாள்கூட ஆரம்பிக்கும். இடது தோளில் காரணமில்லாத வலி என்றால் மண்ணீரலில் ரத்தக்கசிவு இருக்கலாம். இன்றே காட்டுங்கள். திரும்பி வந்ததும் சைக்கிளைப் பாருங்கள்: கைப்பிடி ரப்பர் நுனி கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரியலாம். அப்படித் தெரிந்தால் குத்தியது அந்தக் கிழிந்த கைப்பிடியாக இருக்கலாம்.

சிராய்ப்புக்கு மஞ்சள் போடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டாம்; காபித்தூளும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் தார்மணலை ஈரத் துணியால் எடுத்தே ஆக வேண்டும். விட்டால் தோலுக்கடியில் பச்சை குத்தியது போல நிரந்தரமாக நின்றுவிடும். வாஸ்லின் தடவி, ஒட்டாத வலைத்துணி வைத்து மூடுங்கள். காயவிட்டுப் பொருக்கு கட்டுவதைவிட ஈரமாக மூடி வைத்த காயமே சீக்கிரம் ஆறும். கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவின் பைக் ஹெல்மெட்டையே போட்டுக்கொண்டு போகலாமா?
– வாசகி, தர்மபுரி

போடாமல் போவதைவிட மேல், ஆனால் ஒரு வாரத்தில் கழற்றிவிடுவாள். ஐஎஸ் 4151 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பைக் ஹெல்மெட் ஒரு கிலோவைத் தாண்டலாம், மிதித்து வேர்க்கும் தலைக்குக் காற்று வராது, காதும் அடைக்கும். சைக்கிள் ஹெல்மெட் 250 முதல் 400 கிராம். சட்டம் சைக்கிளுக்கு ஹெல்மெட் கேட்பதில்லை என்பதால் கடைகளில் பொம்மை போன்றவையும் தொங்குகின்றன. உள்ளே திருப்பிப் பாருங்கள்: வெறும் பிளாஸ்டிக் ஓட்டில் பஞ்சு ஒட்டியிருந்தால் அது ஹெல்மெட்டே இல்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் கெட்டியான தெர்மாகோல் இருக்க வேண்டும். இஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்ற தரக்குறி ஒட்டியிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 1078இல் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள், தரையில் மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டி. சைக்கிளிலிருந்து சரிந்து விழும் தலை ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்துதான் வருகிறது.

அளவு எடுக்கப் புருவத்துக்கு மேல் இரண்டு சென்டிமீட்டரில் தையல் டேப்பைத் தலையைச் சுற்றிப் பிடியுங்கள். 55 வந்தால் 55 அடங்கும் அளவு. ‘வளர்ற பிள்ளை’ என்று பெரிதாக வாங்கக் கூடாது. போட்டதும் முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. பட்டி காதுக்குக் கீழே வி போலச் சேர வேண்டும், தாடைக்கடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை இழுப்பது தெரிய வேண்டும். பின்னால் உள்ள திருகை இறுக்கி, பட்டி போடாமலே தலையை ஆட்டச் சொல்லுங்கள், நகரக் கூடாது. நெற்றி தெரிய ஏற்றிப் போட்டால் முகம் குப்புற விழும்போது அது பின்னால் கழன்றுவிடும். உச்சிக் கொண்டையோடு எந்த ஹெல்மெட்டும் சரியாக உட்காராது, தாழ்ந்த ஒற்றைச் சடையோ இரட்டைச் சடையோ பின்னலாம். தேங்காய் எண்ணெய் ஊறிய உள் பஞ்சை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் தெர்மாகோல் கரையும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் சறுக்கு மரத்தில் ஏறும் முன் கழற்றிவிட வேண்டும், பட்டி கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.

ஒரு முறை விழுந்த ஹெல்மெட். வெளியே கீறல் மட்டும்தான். தொடர்ந்து போடலாமா?
– வாசகர், மதுரை

தலை உள்ளே இருந்து அடிபட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மறுபடி உப்பாது. பட்டியை வெட்டிவிட்டுப் போட்டால் வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நெதர்லாந்தில் யாரும் ஹெல்மெட் போடுவதில்லையே?
– வாசகர், கோயம்புத்தூர்

பெரும்பாலும் உண்மைதான், அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. உங்கள் அவிநாசி ரோட்டில் பக்கத்தில் பஸ் போகிறது. சைக்கிள் பந்தய வீரர்களே வெகுகாலம் ஹெல்மெட்டை எதிர்த்தார்கள். 2003இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து இறந்த பிறகுதான் உலக சைக்கிள் சங்கம் கட்டாயமாக்கியது. 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் தொகுப்பில், அடிபட்டவர்களில் ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. லாரி மோதினால் அது காப்பாற்றும் என்று சொல்ல மாட்டோம். விபத்தே நடக்காமல் இருக்கப் பின்னால் சிவப்பு விளக்கும் பிடிக்கிற பிரேக்கும் வேண்டும்.

விபத்துக்குப் பிறகு சைக்கிளில் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், சேலம்

முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலிருந்து ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்சக்கரம் ஃபிரேமை நோக்கி உள்ளே வந்திருந்தால் ஃபோர்க் பின்னால் வளைந்திருக்கிறது. ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சாய்ந்த குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருக்கம் தட்டுப்பட்டால் ஃபிரேமே மடங்கியிருக்கிறது, ஓட்டக் கூடாது. இரும்பு ஃபோர்க்கை நல்ல மெக்கானிக் நிமிர்த்திவிடுவார். அலுமினிய ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் வளைந்தால் மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்தினால் இன்னொரு நாள் கையோடு ஒடியும். சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக் கட்டையில் உரசுகிறதா என்று பார்த்துப் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள். கம்பிகளை இரண்டிரண்டாகக் கிள்ளினால் தொளதொளப்பது கையில் தெரியும். கடைசியாக, முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால், அங்கே பேரிங்கைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கிய பிறகு ஏறுங்கள்.