அலாரம் அடிக்கும்போது கண் எங்கே போக வேண்டும்? ஐசியூ செவிலியர்களின் கேள்விகள்

வென்டிலேட்டரில் ஹை பிரஷர் அலாரம் அடித்தால் என் கை தானாக மியூட் பட்டனுக்குப் போய்விடுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நோயாளியை. மெஷின் அப்புறம். மார்பு இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, வாய் வழியாகப் போட்ட டியூபைக் கடிக்கிறாரா? இதற்கு ஐந்து நொடி போதும். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்) இறங்கிக்கொண்டே போனால் உதவிக்குக் குரல் கொடுத்துவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றி அம்பு பேக்கில் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். பேக் லேசாக அமுங்கி ஆளும் தேறினால், கோளாறு மெஷினிலோ அதன் குழாய்களிலோதான். மடங்கிய குழாயும் அதில் தேங்கிய தண்ணீரும் எத்தனை பேரை ஓடவைத்திருக்கின்றன தெரியுமா!

பேக் கல் மாதிரி இருந்தால் சக்ஷன் கத்தீட்டரை (சளி உறிஞ்சும் மெல்லிய குழாய்) டியூபுக்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லையா, டியூப் மடங்கியிருக்கும், நோயாளி கடித்திருப்பார், அல்லது சளி அடைத்திருக்கும். தாராளமாகப் போகிறது, ஆனால் இடது பக்கம் மூச்சொலி கேட்கவில்லை என்றால் டியூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கலாம். ஷிஃப்ட் தொடக்கத்தில் உதட்டருகே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்து வைப்பது இதற்காகத்தான். குறி மாறவில்லை, ஒரு பக்கம் காற்றே போகவில்லை, ரத்த அழுத்தமும் சரிகிறது என்றால் நியூமோதோராக்ஸாக (நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று தேங்குவது) இருக்கலாம். எக்ஸ்ரேக்குக் காத்திருக்காமல் அந்த நொடியே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வார்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சக்ஷன், கூடவே டியூபுக்குள் சலைன் (உப்பு நீர்). சரிதானா?

இரண்டுமே பழைய வழக்கம். கரகரவென்று சத்தம், மெஷின் திரையில் காற்றோட்டத்தைக் காட்டும் ஃப்ளோ கோட்டில் ரம்பப் பல் மாதிரி நெளிவு, டியூபில் தெரியும் சளி, இவை இருந்தால் செய்யுங்கள். கடிகாரத்தைப் பார்த்து வேண்டாம். அரை நிமிடமாவது 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, ஒரு தடவைக்கு 15 நொடிக்குள் முடியுங்கள். கத்தீட்டரை விடும்போது நீங்களும் மூச்சை அடக்கிப் பாருங்கள், அந்த 15 நொடி எவ்வளவு நீளம் என்று புரியும். சளி கெட்டியாக இருந்தால் சலைனை ஊற்றாமல், ஈரப்பதமூட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிக்கு சாச்சுரேஷன் 90. ஆக்சிஜனைக் கூட்டட்டுமா?

வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும். அதற்குக் கீழே போனால் தயங்காமல் கொடுங்கள். சாச்சுரேஷன் நன்றாக இருந்தும் ஆள் தூங்கி விழுகிறார் என்றால் 'நன்றாக ஓய்வெடுக்கிறார்' என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ரத்த வாயுப் பரிசோதனை கேளுங்கள்.

ஏஆர்டிஎஸ் (திடீரென வரும் கடுமையான நுரையீரல் பாதிப்பு) நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால் எதில் கவனம் தேவை?

பொதுவாக 16 மணி நேரமாவது அப்படியே இருப்பார் என்பதால் எல்லாவற்றிலும். திருப்பும்போது தலைமாட்டில் நிற்பவர் டியூபைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும், மற்றவர்கள் அவர் சொல்லுக்கு அசைய வேண்டும். கண்ணுக்குக் களிம்பு போட்டு இமையை மூடிவிடுங்கள். அப்புறம் எச்சில்: வாயிலிருந்து வழிந்து டியூப் பிளாஸ்டரை ஊறவைத்துவிடும். ஒரு முறை தலையைத் திருப்பப் போனபோது பிளாஸ்டர் ஒரு பக்கம் முழுதாக உரிந்து என் கையோடு வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்காமல் நான் திருப்புவதில்லை.

டியூபைச் சுற்றிய இடைவெளியை அடைக்கும் கஃப் பலூனின் அழுத்தத்தை விரலால் அமுக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. மேனோமீட்டரில் (அழுத்தமானி) 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தம் இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் கசியும், கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும்.